கால் வைக்கும் இடம்

"மறுபடியும் நனைஞ்சிருச்சு திலகா."

"சும்மா சொல்லாதீங்க. கிளம்பும்போதுதான் தொட்டுப் பார்த்தேன். சுட்ட அப்பளமாட்டம் காய்ஞ்சிருந்துச்சு."

"நீ கையால தொட்டுப் பார்த்தே. நான் காலால மிதிக்கிறேன். மிதிச்சாத்தான் அது தன் புத்தியைக் காட்டுது."

திலகா காடியைத் தோட்டத்துச் சாலையோரம் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் செம்பனை. ராத்திரி பெய்த மழை மட்டைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து குனிந்தாள். கார்ப்பெட் பார்வைக்குக் காய்ந்துதான் கிடந்தது. உள்ளங்கையை வைத்து உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். விரலிடுக்கில் தண்ணீர் புளிச்சென்று மேலே வந்தது. அடியிலிருக்கிற பஞ்சு குடித்து வைத்திருந்த தண்ணீர்.

புருஷனுடைய இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். முந்தாநாள் கட்டிய வெள்ளைக் கட்டு, அடிப்பக்கம் முழுக்கத் தேத்தண்ணி நிறத்தில் ஊறியிருந்தது.

"போச்சு," என்றாள்.

"என்னாது போச்சு? கட்டா, காலா?"

"வாயைக் கழுவுங்க."

"வாயையாச்சும் கழுவலாம். இதுலதான் தண்ணியே படக்கூடாதுன்னுட்டாங்களே."

ரெங்கசாமி அப்படித்தான். முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்கும் தோட்டத்துக்கும் அலைந்த மனுஷர். இனிப்புநீர் வியாதி வந்து பத்து வருஷம். ஜூன் மாதம் இடது பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. ஜூலையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். விரல் இருந்த இடத்தில் புண் ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கோலசிலாங்கூருக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். பதினாறு கிலோமீட்டர். தோட்டத்துக்குள் பஸ் வந்த காலம் போய்விட்டது. கைப்பேசியில் கூப்பிடுகிற வாடகைக் காடி அசாம் ஜாவா முக்குவரை வரும். அதற்கு மேல் மண்சாலையைப் பார்த்தால் திரும்பிவிடும். ஆகவே இந்தக் காடிதான். மகள் விஷாலினி ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போனபோது புதுசு வாங்கிக்கொண்டு, பழசை இவர்களுக்கு விட்டுப் போயிருந்தாள். ஓட்டுவது திலகா.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. வீட்டு முன்னாலிருக்கும் மல்லிகைச் செடியில் ஒரு கை பூப் பறித்து, பச்சை ராப்பியா பிளாஸ்டிக் கயிற்றை நாராகக் கிழித்து ஒரு சாண் சரம் கட்டி, கண்ணாடிக்குக் கீழே வைப்பரில் செருகி, "என் புருஷன் காலைக் காப்பாத்து தாயே" என்று கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். லோரிக்குப் பூ வைப்பது ரெங்கசாமியின் பழக்கம். அவர் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வைத்தார். இவள் கொப்புளம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் வைத்தாள்.

அன்றைக்கும் வைத்திருந்தாள். சரம் வைப்பரில் ஆடிக்கொண்டிருக்க, மறுபடியும் காடியை எடுத்தாள்.

கிளினிக்கில் கட்டுப் போடுகிற மிஸ்ஸி நவமணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், நான் என்ன சொன்னேன்?"

"காய வை, காய வைன்னு சொன்னே."

"அப்புறம் ஏன் மீன் பிடிச்சிட்டு வந்த ஆளுமாதிரி வர்றீங்க?"

"காடிக்குள்ளயே பிடிச்சேன் மிஸ்ஸி. சின்ன மீனுதான். உனக்கு ரெண்டு வேணுமா லா?"

நவமணி சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிக்கிற பிள்ளை.

"ஆண்டி, கிட்ட வாங்க. போன வாரம் இது ரோஸ் கலர்ல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? இப்பப் பாருங்க. ஓரமெல்லாம் வெள்ளையா ஊறிப்போயிருக்கு. இந்த மூலை சாம்பல் கலர். எனக்கு இது பிடிக்கலை."

"வீட்டுல ஒரு சொட்டு படுறதில்லை மிஸ்ஸி. காடியிலதான். எங்கிருந்தோ தண்ணி வருது."

"அப்ப காடியைப் பாருங்க ஆண்டி. நான் மருந்து வச்சு வச்சு என்ன பிரயோசனம்? இந்தக் கால் தப்பணும்னா ஈரம் படக்கூடாது. கறுக்க ஆரம்பிச்சா இனிமே விரலோட நிக்காது. முட்டிக்குக் கீழ எடுத்துருவாங்க."

ரெங்கசாமி சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமலா இருந்தாள் திலகா? காலுக்கடியில் பலகை வைத்தாள், பலகையும் ஊறியது. பேசினைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைக்கச் சொன்னாள். முதல் வளைவிலேயே பேசின் நழுவி, கால் நேராக ஈரத்தில் போய் விழுந்தது. பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டினாள். உள்ளே வேர்த்து அவிந்து கிடக்கிறது என்று நவமணி சத்தம் போட்டாள். ரவாங்கிலிருந்து விஷாலினி போனில் சொன்னாள், "அப்பாவைப் பின் சீட்ல காலை நீட்டி உக்கார வைங்கம்மா. சிம்பிள்தானே?"

சிம்பிள்தான். அவர் கேட்க வேண்டுமே.

"பின்னால உக்காந்து போக நான் என்ன கிராணியா?"

தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், ஜீப்பில் பின்னால்தான் உட்காருவார். முன்னால் எட்டிப் பார்த்து மெதுவாப் போ, வேகமாப் போ என்பார். ஜீப் டிரைவர் வராத நாட்களில் அதை ஓட்டி, அந்தச் சொல்லுக்குப் பல வருஷம் பல்லைக் கடித்தவர் ரெங்கசாமி.

"கிராணி செத்து இருபது வருஷமாச்சு. இன்னும் அவரோட சண்டையா?"

"அவரோட என்ன சண்டை? முன்னால உக்காந்தாத்தான் ரோட்டு தெரியும். நீ ரெண்டாம் கியர்லயே ஊர்வலம் போறவ. யாராச்சும் பார்த்துக்கணும்ல?"

அவரைப் பின்னால் ஏற்ற அவளால் முடியவில்லை. அதனால் ஓட்டையைத் தேட வேண்டியதாயிற்று.

அசாம் ஜாவாவில் தகரக் கொட்டகை போட்டு, காடி பழுது பார்க்கிற பொமென் வேலை செய்கிறவன் செல்லன். ஐம்பது வயது. ஒரு காலத்தில் ரெங்கசாமியின் லோரிக்கு டயர் மாற்றியவன். காடியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நனைந்த பஞ்சில் விரலை வைத்துத் தேய்த்து மோந்தான்.

"பிசுபிசுப்பு இல்ல அண்ணே. பிசுபிசுன்னு இருந்தா ரேடியேட்டர் தண்ணி. இது நல்ல தண்ணி. ஒண்ணு மழை, இல்ல ஏர்கோன்."

"ஏர்கோன் போடுறதே இல்லை தம்பி. இவருக்குக் குளிர் ஆகாது," என்றாள் திலகா.

"அப்ப மழைதான் அண்ணி. இந்தக் கதவு ரப்பர் பாருங்க, செத்துப்போச்சு. மாத்திருவோம்."

மாற்றினான். அந்த வாரம் நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் கார்ப்பெட்டை மிதித்தால் சளக்.

"கண்ணாடியா இருக்கும் அண்ணி," என்றான் அடுத்த தடவை. "கண்ணாடியைச் சுத்தி இருக்கிற கம் காய்ஞ்சு விட்டிருக்கும். காடிக்கும் வயசாகுதுல்ல. அண்ணன் மாதிரிதான்."

"என்னையும் சிலிகோன் வச்சு ஒட்டிரு செல்லா," என்றார் ரெங்கசாமி.

"ஒட்டலாம் அண்ணே. இருபத்துநாலு மணி நேரம் ஆடாம அசையாம வாயை மூடிக்கிட்டு இருக்கணும். உங்களால ஆகுமா?"

கண்ணாடியின் கீழ் விளிம்பில் சிலிகோன் வைக்க வைப்பரைத் தூக்கினான். அதில் திலகாவின் சரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீழே போட மனமில்லாமல், வைப்பருக்கு அடியிலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடையின் இடுக்கில் பதமாகச் செருகிவிட்டான்.

"பார்த்தியா," என்றார் ரெங்கசாமி மெதுவாக. "தரையில வீசலை. நல்ல மனுஷன்."

திலகாவும் அப்படித்தான் செய்வாள். சாமிக்கு வைத்த பூ காலில் மிதிபடக்கூடாது. லோரி காலத்தில் ரெங்கசாமி சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, வாடிய மாலையை ஆற்றில் போட்டுவிட்டு வருவார். இப்போது பாலத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவான். எனவே வீட்டுக்கு வந்து இறங்கியதும் வாடிய சரத்தை அந்தச் சல்லடை இடுக்கில் விரலால் தள்ளிவிடுவாள். யார் காலும் படாத இடம். அப்புறம் அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சிலிகோன் காய்ந்தது. மழை பெய்தது. மறுநாள் கம்போங் குவாந்தான் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது ரெங்கசாமி காலைத் தூக்கி டேஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. கால் தானாகக் கீழே இறங்கியது.

"நனைஞ்சிருக்கா?"

"நீ ரோட்டைப் பாரு."

செல்லனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, நான் சுங்கை புரோங்ல இருக்கேன். அறுவடை நேரம், நெல் அறுக்கிற மெஷின் ஒண்ணு வயல்ல படுத்துக்கிச்சு. வர வெள்ளிக்கிழமை ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு தடவை கட்டு மாத்தப் போகணும் தம்பி."

"காலை ஈரத்துல வைக்காம பார்த்துக்குங்க அண்ணி. வேற என்ன சொல்ல லா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை இல்லை. திலகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காடியின் முன் சீட்டுக்கு அடியில் ஸ்பானரோடு படுத்தாள்.

"என்ன பண்ணுறே?" வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி கேட்டார். கால் ஒரு முக்காலி மேல் இருந்தது.

"கார்ப்பெட்டைக் கழட்டப் போறேன். தண்ணி எங்க வருதுன்னு என் கண்ணால பார்க்கணும்."

"பொமென் வேலையும் கத்துக்கிட்டியா? சரி, சீட்டைக் கழட்டாம கார்ப்பெட் வராது. நாலு நட்டு. பின்னாலது ரெண்டும் துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டு அஞ்சு நிமிஷம் விடு. வெறும் ஸ்பானரை வச்சு மல்லுக்கட்டாத."

சொன்னபடியே வந்தது. சீட்டு இறங்கியது. கார்ப்பெட்டைப் பஞ்சோடு உரித்து இழுத்தாள். தண்ணீரில் விழுந்த ஆட்டைத் தூக்குவதுபோல் கனத்தது. அடியில் வெறும் தகரம், துரு, ஒரு குட்டைத் தண்ணீர். துடைத்தாள். பழைய பேப்பரைப் பிரித்துத் தகரம் தெரியாமல் பரப்பினாள்.

"எந்தப் பேப்பர் முதல்ல கறுக்குதோ அந்தப் பக்கம் ஓட்டை," என்றாள்.

"அடேங்கப்பா. கதவு ஓரத்துல பவுடர் தடவு. தண்ணி வந்தா கோடு விழும்."

"பவுடர் தீர்ந்துபோச்சு. விபூதி இருக்கு."

"காடிக்குப் பட்டை போடப் போறியா?"

"உங்களுக்குப் போட்டுப் பார்த்தாச்சு. அதுக்கும் போட்டுப் பார்ப்போம்."

கதவு ஓரம், கண்ணாடி ஓரம், டேஷ்போர்டுக்கு அடியில் எட்டுகிற இடமெல்லாம் விபூதி தடவினாள். தோட்டத்துக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி இன்னொரு முனையை அவர் கையில் கொடுத்தாள். தானே உள்ளே போய், சீட்டு இல்லாத இடத்தில் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கைப்பேசி விளக்கை ஏற்றினாள்.

"கீழேருந்து மேல போங்க. எடுத்ததும் மேல அடிச்சா எல்லாப் பக்கமும் வழிஞ்சு ஒண்ணும் தெரியாது."

"எனக்கே சொல்லித் தர்றியா? டயர்லேருந்து வர்றேன். வருதா?"

"இல்ல."

"கதவு அடி?"

"இல்ல."

"கதவு நடு. கொஞ்சம் நிறைய அடிக்கிறேன். பார்த்துச் சொல்லு."

"விபூதி அப்படியே இருக்கு. செல்லன் ரப்பர் நல்லாத்தான் போட்டிருக்காரு."

"கண்ணாடி மேல?"

"இல்ல."

"உள்ள உக்காந்து தூங்கிட்டியா?"

"இல்லைன்னா இல்லைன்னுதானே சொல்ல முடியும்! கண்ணாடிக்குக் கீழ அடிங்க. வைப்பர்கிட்ட."

தண்ணீர் கண்ணாடியில் சரிந்து வைப்பரடியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம். அப்புறம் டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து, பானைக்குள் யாரோ சிரிப்பதுபோல் ஒரு குளுக் குளுக். ஏர்கோன் காற்றாடிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, பேப்பரில் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் ஒழுக்கு.

"வருது! ஏங்க, வருதுங்க! நிறுத்தாதீங்க, வருது!"

"எங்க?"

"நீங்க கால் வைக்கிற இடத்துக்கு நேர் மேல!"

குழந்தை பிறந்த வீட்டில் சத்தம் போடுவதுபோல் போட்டாள். வெளியே அவர் குழாயை ஆட்டிச் சிரித்ததில் அவளுடைய முதுகும் நனைந்தது. பல மாசமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்கவில்லை.

"பானெட்டைத் திற. வைப்பர் கை ரெண்டையும் கழட்டு. மூடிக்கடியில நட்டு இருக்கும். அப்புறம் அந்தக் கறுப்புச் சல்லடை. கிளிப்புதான், நெம்பு, வந்துரும். லோரியில இந்த மாதிரி வாய் கிடையாது. மூஞ்சி நட்டமா இருக்கும், மழை நேரா ரோட்டுக்குப் போயிரும். இதுல மழைத்தண்ணி உள்ள இறங்கி ரெண்டு பக்கமும் டயருக்குப் பின்னால வெளியேறணும். என்னவோ அடைச்சிருக்கு."

நெம்பினாள். சல்லடை வந்தது.

அடியில் ஒரு சின்னக் கால்வாய். அது நிறையக் கறுப்பாக, களியாக, எதுவோ இறுகிக் கிடந்தது. அதன்மேல் தண்ணீர் போக வழியில்லாமல் தளும்பி நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. திலகா கையை விட்டு அள்ளினாள். முதல் அள்ளிலேயே விரலில் ஏதோ சிக்கியது. இழுத்தாள். பச்சை நார். கழுவினால் புதுசுபோல் இருக்கும் பச்சை ராப்பியா. மூன்று பூவுக்கு ஒரு முடிச்சு. அவளுடைய முடிச்சு. இழுக்க இழுக்க இன்னொன்று, அதோடு பின்னிக்கொண்டு இன்னொன்று.

"என்னது அது?"

"குப்பை. செம்பனைக் குப்பை."

"இந்தக் காடி எந்தச் செம்பனைக்கு அடியில நிக்குது? கொண்டா பார்க்கலாம்."

"நாறுதுங்க. கொட்டிட்டு வந்துர்றேன்."

"திலகா. வாளியைக் கொண்டா."

கொண்டு போய் வைத்தாள். அவர் குனிந்து இரண்டு விரலால் ஒரு நாரைத் தூக்கிப் பிடித்தார். அதில் ஒரு பூ இன்னும் உருவத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பழுப்பாக.

நாரை மெதுவாக வாளிக்குள் விட்டார்.

"கொப்புளம் வந்த நாள்லேருந்து வச்சியே, அத்தனையுமா?"

"ஆமா."

"நாந்தான் சொன்னேன். மிதிபடாத இடமாப் பார்த்துப் போடுன்னு."

"நீங்க ஆத்துல போடச் சொன்னீங்க. நாந்தான் பாலத்துல நிறுத்தப் பயந்துகிட்டு..."

"பாலத்துல இப்ப எவன் நிறுத்த விடுறான்? நான் முதல்லயே பின் சீட்ல உக்காந்திருந்தா இதெல்லாம் இல்ல. விஷா அன்னைக்கே சொன்னா."

"நீங்க சும்மா இருங்க. பூ வச்சது நானு."

"எனக்காகத்தானே வச்சே."

அவள் கம்பி ஒன்றை வளைத்து எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயின் மூலையிலிருந்த ஓட்டையைக் குத்தினாள். மூன்றாம் குத்தில் உள்ளே ஏதோ விலகியது. முன் டயருக்குப் பின்னாலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மண்ணில் ஓடியது.

"போகுது," என்றார் அவர், நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து. "அப்பா, என்ன வேகம். மறுபடியும் அடிச்சுப் பார்ப்போம், நீ உள்ள போ."

அடித்தார். வைப்பரடியில், கண்ணாடியில், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அடித்தார். திலகா புதுப் பேப்பர் பரப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பேப்பரில் எழுத்துகூடக் கலையவில்லை.

"முப்பது வருஷம் லோரி ஓட்டினவனுக்குத் தெரியலை," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டாம் கியர் ஊர்வலக்காரி கண்டுபிடிச்சிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை முடிக்க முடியாமல் அழுகை வந்தது. சீட்டில்லாத காடிக்குள் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு இறங்கி, சீட்டையும் சல்லடையையும் வைப்பரையும் திரும்ப மாட்டினாள்.

வாளியைத் தூரக் கொண்டுபோய்ச் செம்பனை அடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. மறுபடியும் கழுவினாள். எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்; கையில் எலுமிச்சை வாசனைதான் வந்தது. ஆனால் வாசலுக்கு வந்ததும் அதே நாற்றம். புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். முக்காலி மேலிருந்த காலருகே குனிந்தாள்.

"என்ன மோந்து பார்க்கிறே?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லை."

"எனக்கு ரெண்டு நாளாத் தெரியும்," என்றார். "நீ காடியைப் பார்த்துக்கிட்டிருந்தே. சொல்ல வேணாம்னு இருந்தேன்."

மறுநாள் விடியும்போதே கொட்டுகிற மழை. வைப்பர் இரண்டும் அடித்து ஓய்ந்தன. தரையில் விரித்த புதுப் பேப்பர்மேல் ரெங்கசாமியின் கால் கிளினிக் வரைக்கும் காய்ந்தபடியே போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது பேப்பரை எடுத்து அவளிடம் காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சைத் தாளைக் காட்டுவதுபோல்.

நவமணி கட்டை அவிழ்த்தாள். "அங்கிள்" என்று ஆரம்பித்தவள், துணியை மேலே போட்டு மூடினாள்.

"ஈரம் நின்னுபோச்சு மிஸ்ஸி," என்றாள் திலகா. "நேத்துக் கண்டுபிடிச்சிட்டோம். இனிமே ஒரு சொட்டு வராது. இவ்வளவு மழையில வந்தோம், கட்டைத் தொட்டுப் பாரு, காய்ஞ்சிருக்கு."

"ஆமா ஆண்டி. காய்ஞ்சிருக்கு."

"அப்புறம் என்ன?"

"உக்காருங்க ஆண்டி. நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "எவ்வளவு தூரம் எடுப்பாங்க?" என்று திலகா கேட்டாள். டாக்டர் தன்னுடைய காலிலேயே முட்டிக்குக் கீழே நாலு விரல் வைத்துக் காட்டினார்.

நாலு வாரம் கழித்து அவரை வீட்டுக்கு அழைத்துவரப் போன நாள் வெள்ளிக்கிழமை. தீபாவளி வந்து போயிருந்தது. அதற்கு வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றியிருந்தாள். காடியை எடுக்க வந்தபோது மல்லிகைச் செடி பூத்து வழிந்துகொண்டிருந்தது. பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்த பூ காடிக் கதவுவரை வெள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் நடந்துபோய்த்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. நடந்தாள்.

ஆஸ்பத்திரி ஆட்கள் ரெங்கசாமியைப் பின் சீட்டில் ஏற்றி, கட்டுப் போட்ட மிச்சக் காலை சீட்டின்மேல் நீட்டி வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். கிராணியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று திலகா காத்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். அவர் பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றுப் பாலம் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது.

"பூ வைக்கலையா?" என்றார்.

"செடியில பூ இல்லை."

"ம்."

பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ விபத்து. ஹாரன் அடிக்கக்கூட யாரும் இல்லை, எல்லாரும் நின்றார்கள். கீழே ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்ன சொன்னா, கிளம்பும்போது உன்னைத் தனியாக் கூப்பிட்டு?"

"ஒண்ணுமில்லை. மருந்து நேரத்துக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"திலகா."

"வலது குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்காம். பார்த்துக்கச் சொன்னாங்க."

"கறுப்பா?"

"இன்னும் இல்லையாம்."

மழை கூரையில் கொட்டியது. ரெங்கசாமி பின்னாலிருந்து நிமிர முயன்று, முடியாமல், தலையணையில் சாய்ந்தார்.

"முன்னால தரை எப்படி இருக்கு?"

திலகா இடது கையை நீட்டி, யாரும் உட்காராத சீட்டுக்கு முன்னால் குனிந்து, கால் வைக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பாரத்தைப் போட்டு அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள்.

"காய்ஞ்சிருக்கு."

"நல்லா?"

"நல்லாக் காய்ஞ்சிருக்கு."

"சரி," என்றார். "முன்னால வண்டி நகருது பாரு. முதல் கியரைப் போடு."